கவரில் போடாத கை

மார்ச் 12, புதன்

தபால் நிலையத்தில் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

வெளிநாட்டுக்காரர்களோடு படம் போட்ட தபால் அட்டைகளை மாற்றிக்கொள்வது என் மூன்று வருடப் பழக்கம். சுவரெல்லாம் பனிமலையும் கலங்கரை விளக்கமும்தான். பின்லாந்துப் பெண் ஒருத்தி என் ஊர்ப் படம் கேட்டிருந்தாள். திருப்பூர்ப் படம் போட்ட அட்டை எந்தக் கடையிலும் இல்லை. உலகத்துக்கே பனியன் அனுப்பும் ஊர் இது. பனியன் மடிப்புக்குள் வைக்கும் அட்டையை வெட்டி, அப்பாவின் கைகளைப் படமெடுத்து ஒட்டினேன். இருபது வருடம் சாயப்பட்டறையில் வேலை செய்த கைகள். நகமெல்லாம் நீலம்.

கவுண்டரில் இருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, ஒரு கோயில் படங்கூடக் கெடைக்கலீங்களா? சீக்கு வந்த கையாட்டம் இருக்குதுங்க."

"சாயக் கைங்க. எங்கப்பாவோடது."

அட்டையைக் கவிழ்த்து வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கவர்ல போட்டுக் குடுங்க கண்ணு. வழியெல்லாம் நாலு பேரு பாப்பாங்க," என்றார்.

"பாக்கட்டுங்க. அதுக்குத்தான் கார்டுல அனுப்பறேன்."

ஸ்டாம்பின் மேல் முத்திரையைத் தெளிவாகக் குத்தச் சொன்னேன். அவர் குத்தும்வரை நகரவில்லை.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் தூங்கும்போது எடுத்த படம். கல்யாண வீட்டில்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பவர். கேட்டிருந்தால் அவரும் கவரில் போடத்தான் சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை. அது சரியா என்று...

காலையில் சொல்லிவிடுவேன். திட்டினால் திட்டட்டும். அட்டை இந்நேரம் ஊரைத் தாண்டியிருக்கும்.