ஜன்னலுக்குக் கீழே

ஆங்கீரச வருடம், ஆடி 12, புதன்

பச்சையம்மாளின் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

காற்று வேண்டுமென்று வகுப்பை மாடிக்கு மாற்றியவன் நான்தான். அவளுக்கு இரண்டு காலும் சூம்பியவை. நெசவாளியான அவள் அப்பா, தறியில் உட்காரும் முன் அவளைப் பிள்ளையார்பாளையத்திலிருந்து தோளில் சுமந்து வருவார். "மாடிலயே உட்டுட்டுப் போறேன் ஐயா" என்று கேட்டார். செங்குத்தான படி, விழுந்தால் யார் பதில் சொல்வது என்று தடுத்துவிட்டேன். அன்றுமுதல் கொல்லையில், வகுப்பு ஜன்னலுக்கு நேர் கீழே உட்கார்ந்து பாடம் கேட்கிறாள். பெயர் கூப்பிட்டால் அங்கிருந்தே "ஆஜர் ஐயா" என்பாள். அறைக்குள் இல்லையே என்று நான் தினமும் 'வரவில்லை' என்றே குறித்தேன்.

இன்று இன்ஸ்பெக்டர் பதிவேட்டைப் புரட்டினார். "பச்சையம்மாள்! ஒரு மாதமாக வரவே இல்லையா?" என்றார் உரக்க.

கீழிருந்து பதில் வந்தது: "ஆஜர் ஐயா!"

"யாரது?"

"கொல்லையில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், சார்" என்றேன்.

"வராத பெண்ணின் பெயர் எதற்கு? அடித்துவிடும்."

அடித்தேன். பெயரின் மேல் கோடு நேராக விழுந்தது.

சாயங்காலம் அப்பாவின் தோளிலிருந்து கேட்டாள்: "பெரிய ஐயா என் பேரக் கூப்ட்டாரே, நான் சொன்னது அவருக்குக் கேட்டுதாய்யா?"

"கேட்டுதும்மா" என்றேன்.

அவள் அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பெரிய ஐயா வராருன்னு நாலு நாளா வூட்ல இதையே சத்தமா சொல்லிப் பாத்துக்கினு இருந்துதுங்க" என்றார்.

நாளைக் காலையும் ஜன்னலுக்குக் கீழே தன் பெயருக்காகக் காத்திருப்பாள்.