வரப்புப் புற்றில் முளைத்த காளான்

அன்பு மகள் யுவஸ்ரீக்கு,

அம்மா எழுதுகிறேன் சாமி. இங்கே நானும் உன் அப்பாவும் மாடுகளும் சுகம், சுகமில்லாதது வரப்பு ஒன்றுதான். நீ அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே செவியைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

உன் தாத்தா எனக்கும் உன் மாமா நவநீதகிருஷ்ணனுக்கும் பிரித்துக் கொடுத்த காட்டின் நடு வரப்பில் ஒரு கறையான் புற்று இருக்கிறதல்லவா, ஐப்பசி மழைக்கு அதில் காளான் வந்தது. நம் பக்கம் வந்ததெல்லாம் சட்டைப் பொத்தான் அளவு. மாமா பக்கம் வந்தது ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. அவன் சும்மா பறித்துக்கொண்டு போயிருக்கலாம். வேலியோரம் நின்று, ஏனுங்க மச்சான், எல்லாம் மண்ணோட ராசிங்க, என்று சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான், உன் அப்பாவுக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, ஏன்டா, என்ற மண்ணுக்கு ராசியில்லீன்னா உன்ற ஊட்டுச் சீரும் எனக்கு வேண்டாம், தையில நடக்கிற கல்யாணத்துக்கு நீ வரவே வேண்டாம் போ, என்று கத்திவிட்டார். அவனும் ரோஷக்காரன், சரிங்க வரல, என்று போய்விட்டான். பொத்தான் அளவு காளானுக்காக உன் கல்யாணத்தில் தாய்மாமன் இல்லை என்று ஆகிவிட்டது. நான் அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லாமல்தான் போன வாரம், பூஞ்சையைப் பற்றியே படிக்கிறவளாயிற்றே என்று, உன்னிடம் காளான் ஏன் சிறிதும் பெரிதுமாக வருகிறது என்று கேட்டேன். நீ சொன்னதை அப்படியே அப்பாவிடம் ஒப்பித்தேன். அடியில் இருப்பது ஒரே பூஞ்சைதான், ஈரம் எங்கே தங்கியதோ, கறையான் சேர்த்த இரை எங்கே அதிகமோ அங்கே குடை பெரிதாகும், நெருக்கியடித்து முளைத்தால் சிறுத்துப்போகும், ஒரு நாள் முந்திப் பிந்தி வந்தாலும் அளவு மாறும் என்றேன். கண்ணை மூடிக் கேட்டவர், அடியில ஒண்ணுதான்னா அது எந்தப் பக்கத்துல குடியிருக்குது, நம்ம பக்கம் குடியிருந்துட்டு அவன் பக்கம் குடை விரிக்குதா, சர்வேயரைக் கூப்பிட்டு அளக்கோணும், என்றார். உன் படிப்பு இந்த வீட்டில் இவ்வளவு தூரம்தான் எடுபடுகிறது.

பிறகு இரை போதவில்லை என்று அவராகவே முடிவு கட்டி, கோழிப்பண்ணையில் உடைசல் முட்டையை வாளியில் வாங்கி வந்து, ஒரு சொம்புப் பாலும் எடுத்துக்கொண்டு, விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் நம் பக்கத்துப் புற்றில் ஊற்றியிருக்கிறார். குளித்துவிட்டு ஈரத்துண்டோடு போயிருக்கிறார் மனுஷன். களை வெட்டப் போன மாரக்காள் பார்த்துவிட்டாள். ஈரத்துண்டு, பால், முட்டை, புற்று. அவள் வேறு என்ன நினைப்பாள்? பாம்பு பார்த்தீங்களாங்க, என்று கேட்டிருக்கிறாள். காளானுக்கு ஊற்றினேன் என்று சொல்ல வெட்கப்பட்டு இவரும், ஆமா, கனவுல வந்துச்சு, என்று சொல்லித் தொலைத்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் புற்றுக்கு மஞ்சள் பூசிச் சிவப்புத் துணி கட்டிவிட்டார்கள். ஜேடர்பாளையத்திலிருந்து வேன் வைத்து வருகிறார்கள். உன் அப்பா திருநீறு கொடுக்கிறார். மிச்சமிருந்த காளானைத் தொட யாருக்கும் தைரியமில்லை, அது அங்கேயே அழுகி நாறுகிறது.

வந்த கூட்டம் மாமாவின் மரவள்ளியை மிதித்துவிட்டது. அவன் சண்டைக்கு வந்தான். அவனைப் பேசவே விடவில்லை, செருப்பைக் கழட்டுங்க, வரிசையில வாங்க, என்று அவன் காட்டிலேயே அவனை வெறுங்காலோடு நிறுத்திவிட்டார்கள். அப்போதுதான் அவன் காலில் வேலிமுள் ஏறியது. நொண்டிக்கொண்டு உட்கார்ந்தவனைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது சாமி, கூடப் பிறந்தவன் இல்லையா. நான் எழுந்திருப்பதற்குள் உன் அப்பா திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவன் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து முள்ளைப் பிடுங்கினார். பிடுங்கும்போது அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்து, உன்ற தம்பி கல்யாணப் பொண்ணுக்கு மாமன் சேலை என்ன நிறத்துல எடுக்கறான்னு கேளு, என்றார். கால் இவர் மடியில் இருக்கிறது, அவனும் என்னைப் பார்த்து, பச்சைன்னு சொல்லக்கா, என்றான்.

இன்னும் நேரே பேசவில்லை, பேசுவார்கள். நீ குளிருக்கு உல்லன் சட்டையைப் போட்டுக்கொள், அங்கே காட்டில் முளைத்த எதையும் பறித்துத் தின்னாதே, விடுப்பை முன்கூட்டியே எழுதிக்கொடு. நல்லபடியாக வந்து சேர், குலசாமி துணையிருக்கட்டும். கடிதம் கிடைத்ததும் மாமாவுக்குப் போன் போடு. உனக்குப் பச்சை அறவே பிடிக்காது என்று எனக்குத் தெரியும். பச்சைதான் வேண்டும் என்று கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
கலைமணி