கனடாவில் இல்லாத பெரியப்பா

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை.

அன்பு மகள் ரதிக்கு,

அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். இங்கே எங்களுக்குக் கிடைக்கிற சுகம் அங்கே மெல்பேர்னில் உனக்கும் குறையாமல் கிடைக்க வேண்டும் என்பதுதான் விளக்கேற்றும் போதெல்லாம் அம்மாவின் வேண்டுதல். அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் லிப்ட் பழுதாகி ஒன்பது நாளாகிறது, ஐந்து மாடியும் ஏறி இறங்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே இருந்து என்னோடு சண்டை பிடிக்கிறார். கடற்பக்க ஜன்னல் கம்பிகள் திரும்பவும் துருப்பிடித்துவிட்டன. நீ போகும்போது பெயின்ற் அடித்ததோடு சரி.

இதை எழுதிப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். போனில் சொன்னால் அம்மா குறுக்கே கதைப்பார், நீ அழுவாய், நான் பாதியில் விட்டுவிடுவேன். போன செவ்வாய்க்கிழமை நீ என்னிடம் ஒன்று கேட்டாய். இரண்டு வருடத்தில் நான்கு வீடு மாறினாய், கூட இருப்பவர்கள் உன்னை விட்டுப் போய்விடுவார்கள் என்று பயந்து நீயே முந்திக்கொண்டு வெளியேறினாய், அதற்கு அங்கே டொக்டர் ஆளுமைக் கோளாறு என்று பெயர் சொல்லியிருக்கிறார், குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா என்று பதினான்காம் திகதிக்குள் சொல்லச் சொன்னார். தனிமை உணர்வுக்கும் இந்தக் கோளாறுக்கும் பரம்பரையில் தொடர்பு உண்டு என்று நீ வாசித்த கட்டுரையையும் அனுப்பினாய். எங்கட ஆக்களில யாராவது இப்பிடி இருந்தவையா அப்பா என்று கேட்டாய். ஒருத்தரும் இல்லைப் பிள்ளை என்று நீ கேட்டு முடிக்க முன்னமே சொன்னேன். ஓம் என்றால், உன்னைக் கலியாணம் கட்டக் கேட்டிருக்கும் பிரதீஸுக்கு நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். முப்பத்தெட்டு வருடம் பத்திரிகையில் இருந்தவன் நான். பிழையான செய்தி போனால் மறுநாள் திருத்தம் போடுவோம். இது ஐந்து நாள் பிந்திய திருத்தம்: ஒருவர் இருக்கிறார். உன் பெரியப்பா ஜீவராஜ். அவர் ஒருநாளும் கனடாவுக்குப் போனதில்லை. கொட்டாஞ்சேனையில், நாங்கள் வளர்ந்த அதே ஒழுங்கையில், ஓர் அறையில் தனியே இருக்கிறார். வயது எழுபத்தொன்று.

அவரைப் பற்றி நினைத்தால் முதலில் வருவது கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள்தான். சைவப் பிள்ளைகள் என்றாலும் வருடம் தவறாமல் போவோம். சனத்தில் நான் தொலைந்துபோகாமல் இருக்க, அண்ணா தன் சட்டையின் கடைசிப் பொத்தானைக் கழற்றி, அந்த நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். கையைப் பிடித்தால் அவருக்குப் பிடிக்காது. வீடு வந்து சேரும்வரை வழியில் கண்ட வியாபாரிகளைப் போல சிங்களத்தில் கூவிக் காட்டி என்னைச் சிரிக்க வைப்பார், எனக்கு வயிறு நோகும். அந்த நாட்களில் அவரைப் போல ஓர் ஆள் ஒழுங்கையில் இல்லை.

அண்ணா பெரியவராகித் துறைமுகத்தில் கிளார்க் வேலைக்குப் போன பிறகுதான் ஒன்றைக் கவனித்தோம். புதிதாக ஒரு சிநேகிதர் கிடைத்தால் இவன்தான்டா மனுசன் என்று வீட்டுக்குக் கூட்டி வருவார். மூன்றாம் மாதம் அந்த மனிதர் எதற்கோ சிரித்திருப்பார், அது தன்னைப் பார்த்துத்தான் என்று இவருக்குப் படும். நான்கு பக்கத்தில் இனி என் முகத்தில் முழிக்காதே என்று கடிதம் போகும். அடுத்த கிழமை அந்த வீட்டு வாசலில் இவரே போய் நிற்பார். சிலர் உள்ளே கூப்பிட்டார்கள், பலர் கூப்பிடவில்லை. தனியாக இருக்கவும் அவரால் முடியாது, ஆட்களோடு இருக்கவும் முடியாது. அப்போது பார்த்த டொக்டர் உன் டொக்டர் சொன்ன அதே சொல்லைத்தான் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். ஐயா, அதுதான் உன் அப்பப்பா, அதை மடித்துப் பொக்கற்றில் வைத்தார். ஒருவருக்கும் சொல்லவில்லை.

பிறகு நாங்கள் வெள்ளவத்தைக்கு வந்தோம், அண்ணா மட்டும் பழைய ஒழுங்கையிலேயே நின்றுவிட்டார், எனக்குப் பெண் பார்த்தார்கள். மூத்தவர் எங்கே என்று தரகர் கேட்டதும் ஐயா யோசிக்கவே இல்லை, அவன் கனடாவில என்று சொன்னார். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு ஒரு வீட்டில் ஓர் ஆளைக் காணவில்லை என்றால் வெளிநாடு என்று எல்லோரும் நம்புவார்கள், மேலே கேட்கவும் மாட்டார்கள். ஒரு பஸ் தூரத்தைக் கனடா ஆக்கினோம். என் கலியாணத்தன்று மாலையோடு நின்றுகொண்டு வாசலை ஒருமுறை பார்த்தேன். அண்ணா வரவில்லையே என்று பார்க்கவில்லை மகள், வந்துவிடக் கூடாதே என்று பார்த்தேன். கலியாணமாகி ஒரு வருடம் கழித்துத்தான் அம்மாவுக்கு உண்மை தெரியும். அவரும் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்றார், நானும் அப்படியே விட்டேன். உனக்கு ஏழு வயதில், கனடா பெரியப்பா ஏன் எனக்கு ஒன்றும் அனுப்புவதில்லை என்று கேட்டாய். அந்த மாதம் அவரிடம் போனபோது சிரிப்பாகச் சொன்னேன். அடுத்த முறை ஒரு ரின் சொக்லேட்டைக் கையில் தந்து, கனடாவிலயிருந்து வந்தது எண்டு குடு என்றார். புறக்கோட்டையில் தேடி வாங்கியிருந்தார். அந்த ரின்னில்தான் நீ பென்சில் போட்டு வைத்தாய். மாதத்தின் முதல் சனிக்கிழமை பிரஸ்ஸில் வேலை என்று நான் போனதெல்லாம் அவரிடம்தான்.

நீ அனுப்பிய கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். விளங்காத இடங்களைக் குறித்துக்கொண்டு களுபோவிலையில் இருக்கும் டொக்டர் நபீஸிடம் போனேன். சுகாதாரச் செய்தி எழுதிய காலத்தில் நான் கேள்வி கேட்டே களைக்க வைத்த மனிதர். தனிமையை அதிகம் உணரும் சுபாவத்தில் ஒரு பங்கு பிறப்போடு வருவது, அதில் கொஞ்சம் ஆளுமைக் கோளாறுகளோடும் பொதுவாக இருப்பது, இவை உண்மையாம். ஆனால் அது ஆயிரக்கணக்கான ஆட்களை ஒன்றாக வைத்துப் பார்த்துச் சொல்வது, ரதி என்ற ஒருத்திக்கு என்ன நடக்கும் என்று அதில் எழுதியில்லை, மிச்சப் பங்கு வாழ்கிற விதத்திலும் கூட இருக்கிறவர்களிலும் இருக்கிறது என்றார். எந்த அளவுக்கு எது என்று கேட்டேன், ஒருவரைப் பார்த்து அதைப் பிரித்துச் சொல்லத் தனக்குத் தெரியாது என்றார். பிரதீஸ் விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். ஒங்கட வாப்பாக்கு சீனி வருத்தம் இருந்திச்சி தானே, அதுக்காக நீங்க என்ன கலியாணம் முடிக்காமயா இருந்தீங்க, டொக்டருக்கு உள்ளதச் சொல்லுங்க, புள்ளைக்கும் சொல்லுங்க என்று அனுப்பிவிட்டார்.

அண்ணாவின் விஷயத்தில் அவரைத் தனிமையாக்கியது இரத்தமா நாங்களா என்று என்னாலும் பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் பங்கு சின்னதல்ல என்று மட்டும் தெரியும்.

அவருடைய கதையை அவரைக் கேட்காமல் தருவது சரியில்லை என்று நேற்றுப் போய் அனுமதி கேட்டேன். உனக்கு என்ன, டொக்டர் ஏன் கேட்கிறார் என்று எல்லாம் சொன்னேன். என்ர பேரைக் குடு, முழுப் பேரையும் எழுது, உன்ர கலியாணக் கார்ட்டிலதான் போடேல்லை என்றார் அண்ணா. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த நேரம் பக்கத்து வீட்டு யோசெப்பின் தேத்தண்ணியோடு வந்தார். தினமும் கொடுப்பவர், கணவர் இறந்த பிறகு தாய்வீட்டுக்கே திரும்பி வந்தவர். எண்பத்திரண்டில் அண்ணா அவரை விரும்பினார். கேட்க முன்னமே, நீர் எப்படியும் மாட்டேன் என்றுதான் சொல்வீர், ஆகவே நானே விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதை யோசெப்பின் என்னிடம் நேற்றுத்தான் சொன்னார். நா ஒருநாளும் வேணாம்னு சொல்லல்ல தம்பி, இவரே கேள்விய கேட்டு இவரே பதிலையும் எழுதிட்டாரு, பெரிய கிளார்க்கு தானே என்றார். அண்ணா தேத்தண்ணியில் சீனி காணாது என்று முறைப்பட்டார், ஆனால் மறுக்கவில்லை.

ஆகவே மகள், டொக்டரிடம் பெரியப்பாவின் பெயரைச் சொல். பிரதீஸிடமும் எல்லாவற்றையும் சொல், இந்தக் கடிதத்தையே காட்டு. அவர் யோசிக்கட்டும், தன் வாயால் சொல்லட்டும். அவருடைய பதிலை நீ எழுதிவிடாதே. எது நடந்தாலும் எங்கள் வீட்டுக் கதவு உனக்குத் திறந்தே இருக்கும், லிப்ட்தான் இருக்காது.

கடவுள் துணையால் நீ நிம்மதியாக நித்திரை கொண்டு, நல்ல மனிதர்கள் சூழ நீண்ட காலம் வாழ அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். மருந்தை நேரத்துக்கு எடு. பெரியப்பாவின் போன் நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஒரு மூன்று மாதம் ஆசையாகக் கதைப்பார், பிறகு ஏதோ ஒன்றுக்குக் கோபித்துக்கொண்டு இனி எடுக்காதே என்பார். அடுத்த கிழமை திரும்பவும் எடு.

உன் அன்பு அப்பா,
சாந்தகுமார்