குழாயில் மிச்சமிருக்கும் காற்று

ஸ்கார்வோய் தீவு,
சூரியன் திரும்பி வந்த மறுநாள்

அன்புள்ள ஹால்வருக்கு,

இங்கு நான் நலம். அங்கே நீங்களும் நம் மகள் குன்வோரும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உங்களுக்கு இருமல் வந்துவிடுகிறது, எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

இரண்டு மாத இருட்டுக்குப் பிறகு நேற்று சூரியன் வந்தது. வாசலோடு திரும்பிப் போகும் சொந்தக்காரர் மாதிரி, மலைக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் இந்த ஒரு நாளுக்கென்றே சுடும் சூரிய பன்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். நானும் வழக்கம்போல இரண்டு வாங்கிவிட்டேன். கடைக்காரி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு இரண்டையும் பொட்டலம் கட்டினாள். ஒன்றைத் தின்றேன். இன்னொன்று மேசையில் காய்ந்து கிடக்கிறது, தூக்கிப் போட மனம் வரவில்லை.

இனி படகு விஷயம். படகை வாங்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய ஸ்தூர்லே வந்து பார்த்தான். நல்ல பையன்தான். எஞ்சினைத் தட்டிப் பார்த்தான், பலகையைத் தட்டிப் பார்த்தான், விட்டால் என்னையும் தட்டிப் பார்த்திருப்பான். காட் மீன் சீசன் வருவதற்குள் பதில் வேண்டுமாம். “என் வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் இப்படிச் சொல்வது இதுதான் முதல் தடவை.

டாக்டர் சொன்னதை நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். உங்கள் நெஞ்சுக்குக் குளிர் காற்று ஆகாது என்றார். கடல் ஆகாது என்று அவர் சொல்லவில்லை. நீங்களாக இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு, படகை விற்றுவிட்டு நீயும் வா என்று சொல்லித் தெற்கே மகள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். அங்கே வந்து ஜன்னலில் வைத்த பூச்செடி மாதிரி உட்கார என்னால் முடியாது.

அதனால் படகில் ஹீட்டர் வைத்துவிட்டேன். திட்டுவதானால் உட்கார்ந்து திட்டுங்கள், மூச்சு வாங்கும். கேபினில் சூடு வந்தால் மீன்பிடிக்கிறவன் தூங்கிப்போவான் என்று எத்தனை வருஷம் சொன்னீர்கள்! ஹீட்டர் இல்லாமலே நீங்கள் சுக்கானைப் பிடித்தபடி குறட்டை விட்டதைப் பார்த்தவள் நான்.

பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய ஹீட்டர் அது. சின்னப் பெட்டி, உள்ளே செம்புக் குழாய், பின்னால் விசிறி. எஞ்சினுக்குள் சுற்றும் சூடான தண்ணீரை இந்தப் பெட்டி வழியாக அனுப்பி, மறுபடி எஞ்சினுக்கே திருப்பிவிட வேண்டும். வீணாய்ப் போகிற சூடுதானே. கடல் தண்ணீர் ஓடும் குழாயை நான் தொடவில்லை. உப்பு செம்பைத் தின்றுவிடும் என்று நீங்கள் யாரிடமோ கத்தியது காதிலேயே இருக்கிறது. பெட்டியை உங்கள் இருக்கைக்குக் கீழே பொருத்தினேன். என் பக்கம் இல்லை.

பக்கத்துப் படகு இங்வால் பெரியவர் குழாயை இறுக்கும் கிளிப்புகளை முறுக்கிக் கொடுத்தார். “ஏம்மா ரக்னில், இது ஹால்வருக்குத் தெரிஞ்சா நீந்தியே வந்து சண்டை போடுவானே!” என்றார். “வரட்டும், அதுக்குத்தானே வைக்கிறேன்” என்றேன்.

எஞ்சினை ஓட்டினோம். எஞ்சின் கொதிக்கிறது, ஹீட்டரில் மட்டும் ஐஸ் காற்று. திரும்பிப் பார்த்தால் இங்வால் மடியில் டப்பா நிறைய வாஃபிள்! “பிறந்ததுலேருந்து கடல்ல கெடக்கீங்க, படகுக்குள்ள வாஃபிளைக் கொண்டாரலாமா? வாஃபிள் ஏறுன படகு வெளங்காதுன்னு தெரியாதா?” என்று கத்திவிட்டேன். “பசிச்சுதும்மா, மறந்துட்டேன்” என்று முகம் சிவந்துபோய் அத்தனையையும் கடற்காகங்களுக்கு வீசினார். அதுவும் போதாதென்று டப்பாவைக் கரையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். மறுபடி ஓட்டினால் அதே ஐஸ் காற்று. கடற்காகங்களுக்கு மட்டும்தான் லாபம்.

வீட்டில் உருளைக்கிழங்கு உரிக்கும்போதுதான் புரிந்தது. கால் தட்டக் கூடாதென்று குழாயை ஓரிடத்தில் மேலே ஏற்றி இறக்கியிருந்தேன். அந்த மேட்டில் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீருக்கு வழிவிடவில்லை. பாவம், வாஃபிள் என்ன செய்யும்? மறுநாள் குழாயைத் தாழ்த்தி, உயரமான இடத்தில் காற்று விட ஒரு திருகும் வைத்தேன்.

காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே நின்று எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும், ஒருவர் கீழே படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். நான் கீழே படுத்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் கூட்டுங்க” என்றேன். எஞ்சின் வேகம் கூடவில்லை. “காது கேக்கலையா?” என்று அதட்டினேன். அப்புறம்தான் மேலே நீங்கள் இல்லை, யாருமே இல்லை என்பது உறைத்தது. அப்படியே தரையில் கிடந்து அழுதேன், ஹால்வர். உங்களிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

பிறகு மேலே ஓடி வேகத்தை வைத்து, கீழே ஓடித் திருகைத் திறந்து, பாதிக் காற்றை விரட்டினேன். இப்போது சூடு வருகிறது. கையுறை இல்லாமல் சுக்கானைப் பிடிக்கலாம். உங்கள் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன், முதுகு வரைக்கும் இதமாக இருக்கிறது. ஆனால் குழாயில் இன்னும் கொஞ்சம் காற்று மிச்சம், வயிறு சரியில்லாதவர் மாதிரி கடகடவென்று சத்தம் போடுகிறது.

அந்தச் சத்தம் கேட்டு இங்வால் வந்தார். “நான் வேகத்தைப் பிடிக்கிறேன், நீ திற. ஒரு நிமிஷ வேலைம்மா” என்றார். “வேண்டாம், அதுக்கு ஆள் இருக்கு” என்று சொல்லிவிட்டேன். பெரியவர் என் முகத்தையே பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு தன் படகுக்குப் போய்விட்டார்.

ஸ்தூர்லேக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்கள் விற்கச் சொன்னால் விற்றுவிடுகிறேன், சத்தியமாக. ஆனால் அந்த இருக்கையில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டுச் சொல்லுங்கள். கிளம்பும்போது குன்வோர் வாஃபிள் சுட்டுக் கொடுத்தால் வழியிலேயே தின்று முடித்துவிடுங்கள்.

உங்கள் நெஞ்சுச் சளி கரைந்து, மூச்சு சீராக வரட்டும். கம்பளிச் சட்டையைக் கழற்ற வேண்டாம். ஆள் இருக்கிறது என்று நான் இங்வாலிடம் சொன்னதைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.

திருகைத் தொடாமல் வைத்திருக்கும்
உங்கள் ரக்னில்