வீட்டில் கேட்கும் சத்தம்

பாப்பாவோட அப்பாவுக்கு,

வாய் திறக்காத பிள்ளைகளைப் பேசவைக்க என் வகுப்பிலேயே செயலாராய்ச்சி செய்கிறேன் என்றபோது, "ஊமைங்களுக்கு மைக் பிடிக்கிறியா?" என்று சிரித்தீர்கள்.

தலைப்பு, 'வீட்டில் கேட்கும் சத்தம்'. ஒவ்வொருவராக வராண்டாவில் நின்று என் போனில் பேசிப் பதிந்துவிட்டு வருவார்கள். நான் முன்கூட்டிக் கேட்காமல் அப்படியே வகுப்பில் எல்லோரும் கேட்கப் போட்டுவிடுவேன். குக்கர் என்றார்கள், மைன்ஸ் சங்கு என்றார்கள்.

நம் பாப்பாவும் என் வகுப்புதானே. இன்றுதான் பேசினாள்.

"ஷிஃப்ட் முடிஞ்சு அப்பா பைக் வரும். அம்மா என்னை பீரோ பின்னாடி நிக்க வைப்பாங்க. அப்புறம் அம்மா சத்தம் கேக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து குவார்ட்டர்ஸ் பையன் மட்டும், "எங்க வூட்டுக்கும் கேக்கும் டீச்சர்" என்றான்.

வீட்டுச் சாவியை அந்தப் பையன் வீட்டில்தான் கொடுத்திருக்கிறேன். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். தேடி வராதீர்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் டீச்சர்