அம்மா ஒட்டின கண்ணாடி

லாரியம், மிச்சிகன்
செப்டம்பர் 28

அய்லி கண்ணு,

இங்க நான் சுகமா இருக்கேன், நீயும் அந்த அரிசோனா வெயில்ல தண்ணி நிறையக் குடிச்சுக்கிட்டு உடம்பைப் பார்த்துக்கறேன்னு நம்பறேன். ஆறு மாசமா அப்பா ரெண்டு வரிக்கு மேல எழுதலைன்னு உனக்கு வருத்தம் இருக்கும். உட்கார்ந்தா கை ஓடல, அவ்வளவுதான். இன்னிக்கு ஓடுது. அம்மாவோட சுரங்க மியூசியத்தோட மேற்குச் சுவரை இடிக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. இதை முதல்லயே சொல்லிடறேன், நீ கடைசி வரைக்கும் பதறிக்கிட்டே படிக்காத.

செவ்வாக்கிழமை கவுண்டி கட்டட இன்ஸ்பெக்டரம்மா ஜோலீன் வந்தாங்க. செம்புக்கட்டி அலமாரிக்குப் பின்னால மேலேர்ந்து கீழ ஓடற விரிசல் உனக்குத் தெரியுமே, அதுதான் பிரச்சினை. அடியில பழைய சுரங்கம் இருக்கறதால சுவர் இன்னும் இறங்கிக்கிட்டே இருக்குன்னு அவங்களுக்குச் சந்தேகம். இறங்குதுன்னா இடிச்சுத்தான் ஆகணும், சுவர் போனா கூரையும் போச்சு, அம்மா பதினோரு வருஷம் பார்த்துப் பார்த்து அடுக்கினது எல்லாம் பெட்டிக்குள்ள போய் யார் கிடங்குலயோ தூங்கும். பனி உருகினதுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் விரிசல் அசையலைன்னு காட்டுங்க அர்வோ, நான் கையெழுத்துப் போடறேன்னாங்க. இதுக்குன்னுதான் நான் ஒரு அளவுக் கருவி மாட்டி வச்சிருந்தேன், இஞ்சினியராச்சே. திறந்து பார்த்தா மார்ச் பத்தொன்பதோட நின்னு போயிருக்கு. பேட்டரி. அம்மாவை அடக்கம் பண்ணின வாரம் அது. அதுக்கப்புறம் எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கேன், மாத்தணும்னு தோணவே இல்ல. மண்ணு இளகி சுவர் அசையற மாசத்துக்கெல்லாம் என்கிட்ட ஒரு எண் கூட இல்ல. ஜோலீன் என்னைத் திட்டல, பேனாவை மூடிப் பையில வச்சாங்க, அதுவே போதும்.

சரி, சுவருக்கு முட்டு எங்க கொடுக்கறதுன்னாவது பார்க்கலாம்னு மேஸ்திரி டேல் அலமாரியை நகர்த்தினார். உடனே, யோவ் இஞ்சினியர், இங்க வாய்யா, உன் பொண்டாட்டி உன்னை விடக் கெட்டிக்காரின்னு ஒரு சத்தம். போய்ப் பார்த்தேன். விரிசலுக்குக் குறுக்க நாலு சின்னக் கண்ணாடித் துண்டு, ரெண்டு முனையையும் சாந்து வச்சு ஒட்டி, பக்கத்துல பென்சில்ல தேதி. பரிசோதனை அறையில பழைய மைக்ராஸ்கோப் கண்ணாடி ஒரு பெட்டி கிடந்துதே, அதுலேர்ந்து எடுத்திருக்கா. சுவர் ஒரு மயிரிழை அசைஞ்சாலும் உடைஞ்சிடும். மேல மூணும் உடைஞ்சிருக்கு, எல்லாம் கூரையை அடைக்கறதுக்கு முன்னாடி தண்ணி சுவர்ல இறங்கின காலத்துத் தேதி. நாலாவது மார்ச் ரெண்டு, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள். பனி உருகின மாசமெல்லாம் தாண்டியும் அதுல கீறல் கூட இல்ல. எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்துது, முதல் துண்டை ஒட்டினப்போ நான் சிரிச்சேன். உன் கருவி பேட்டரி போனா தூங்கிடும்டா, என் கண்ணாடி தூங்காதுன்னு அம்மா சொன்னா. ஜோலீன் டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க, நகத்தால தட்டிப் பார்த்தாங்க, தேதி யார் எழுத்துன்னு கேட்டாங்க. என் மனைவி சைமியோடதுன்னேன். அங்க பொருளுக்குப் பக்கத்துல இருக்கற ஒவ்வொரு பேர்ச் சீட்டும் அவ எழுத்துதானே, ஜோலீன் நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்துட்டு பேனாவைத் திறந்தாங்க.

அப்புறம் வாசப்படியில உட்கார்ந்தப்போ எனக்குப் பசிச்சுது அய்லி. மார்ச்சுக்கப்புறம் நிஜமா பசிச்சது அன்னிக்குத்தான். டேல் கொண்டுவந்த, கறியும் உருளைக்கிழங்கும் அடைச்ச பாஸ்டி முழுசும் நானே தின்னேன், கெட்சப் ஊத்திக்கிட்டேன். டேல் பாஸ்டிக்கு கிரேவிதான் ஊத்தணும்ங்கற கட்சியாச்சா, ஆளு திரும்பி வந்துட்டான், நாக்குதான் இன்னும் வரலைன்னு கிண்டல். உறைபனி விழறதுக்குள்ள வெளிப்பக்கம் பழைய சிமென்ட்டைச் சுரண்டிட்டு சுண்ணாம்புச் சாந்து பூசிடணும்னு இப்போ ஆளுங்களை விரட்டறார். சிமென்ட்டு ஈரத்தை வெளிய விடாது, கல்லு உள்ளயே ஊறி உதிருது. பூசினதுக்கு மேல ஈரச்சாக்கு போர்த்தி தினம் ரெண்டு வேளை நனைக்கறது என் வேலை. செய்யறேன், மறக்கல.

உள்பக்க விரிசலை மூடணும்னா அந்த நாலாவது கண்ணாடியை எடுத்தாகணும். டேல் உளியை என் கையில கொடுத்தார், நான் திருப்பிக் கொடுத்துட்டேன். உள்ள பனி பயம் இல்ல, ஒரு உள்ளங்கை அளவு மட்டும் அப்படியே விட்டு வைங்க, நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு என் பொண்ணு வருவான்னேன். நீ வந்து பிடிச்சுக்கோ அய்லி, நான் தட்டறேன். உடையாம எடுப்போம்.

உனக்கு எந்தக் குறையும் வராது, நல்லா படி, நல்லா தூங்கு. உன் ரூம்ல புகை அலாரத்துக்கு பேட்டரி எப்போ மாத்தினே? இன்னிக்கே மாத்து.

உன்
அப்பா அர்வோ