விளக்கில்லாத கரையில் ஊதிய சங்கு

அக்கா,

இன்று காலை ராயப்பேட்டையில், என் மகள் வீட்டுத் தெரு வழியாக ஒரு பிணம் போனது. சங்கு கேட்டதும் எல்லாரும் உள்ளே போனார்கள். நான் வாசலுக்கு ஓடினேன். "உனுக்கு இன்னாம்மா ஆச்சு?" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது? உனக்குத்தான் எழுதத் தோன்றியது.

யுத்தத்துக்குப் பயந்து மயிலாப்பூரே மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறிய சமயம். "நம்ம கடல எந்த மூட்டையில கட்றது?" என்று சிரித்தாய் நீ. அப்போதுதான் போலீஸ்காரர் குப்பத்துக்கு வந்து, குண்டு பட்ட கப்பலின் ஆட்கள் கடலில் மிதப்பதாகச் சொன்னார். நம் ஆண்கள் கட்டுமரங்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். உன் புருஷனும், அவர் தம்பியான என் வீட்டுக்காரரும் ஒரே மரத்தில். நான் உனக்கு ஓரகத்தியாக வந்த புதிது.

பொழுது சாய்ந்தது; மழை மூட்டம் வேறு. மரம் திரும்பத் தாமதமானால் கரையில் ஓலைப்பந்தம் பிடிப்போம். ஆற்று முகத்துவாரத்து மணல்திட்டில் மோதாமல் வர அவர்களுக்கு அதுதான் அடையாளம். நீ கொளுத்தியதும் போலீஸ்காரர் பிடுங்கி மண்ணில் அமுக்கினார். "வெளிச்சம் தெரிஞ்சா ஜப்பான்காரன் குண்டு போட்டுடுவான்மா." நான் அழ ஆரம்பித்தேன்.

நீ குப்பத்துத் தலைவர் வீட்டுக்குப் போய், சாவுக்கு மட்டும் ஆண்கள் எடுக்கும் சங்கைக் கொண்டுவந்து ஊதினாய். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "புருசன் கடல்ல கீறான், சாவுச் சங்கு ஊதிக்கினு கீறியே, பாவி."

"வெளிச்சம்தான் கூடாதுன்னாரு. சத்தத்துக்கு ஒண்ணும் சொல்லல, அத்த." மூச்சு வாங்கியபோது என் கையில் கொடுத்தாய். நானும் ஊதினேன்.

கடைசியில் துடுப்புச் சத்தம் கேட்டது. மரம் திட்டைத் தொடாமல் வந்தது. எந்த ஊர்க்காரனோ, கப்பல் ஆள் ஒருவன் உன் புருஷன் மடியில் குளிரில் வெடவெடத்துக்கொண்டிருந்தான். "யாரு பூட்டாங்கன்னு ஊதறீங்க?" என்று பதறினார் என் வீட்டுக்காரர்.

"யாரும் போவக்கூடாதுன்னுதான்" என்றாய்.

அதன்பின் விளக்கு கூடாத காலம் முழுக்க, மரம் தாமதமானால் ஊதினோம். ஊரை விட்டுப் போகாமல் அடையாறு பக்கம் மிச்சமிருந்த நாலு பேர், குப்பத்தில் ஓயாமல் சாவு விழுகிறது என்று நம் மீனை வாங்கப் பயந்தார்கள். அதற்கும் நீ சிரித்தாய்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அந்தச் சங்கைத்தான் ஊதினார்கள். எல்லாரும் பாடையைப் பார்த்து அழுதார்கள். நான் கடல் பக்கம் திரும்பி நின்றேன், அக்கா. இன்று காலையும் அதற்குத்தான் ஓடினேன். சங்கு கேட்டால் எனக்கு இன்னமும் யாரோ கரைக்கு வருகிறார்கள்.